முடி மாத்திரையை நிறுத்தியும் ஆசை திரும்பவில்லை: உடம்பா, மனசா, இனி என்ன செய்வது?

வெண்மேகம்:

முன்நெற்றி ஏறத் தொடங்கியதும் ஃபினாஸ்டரைடு 1 மிகி எடுக்க ஆரம்பித்தேன். முடி கொட்டுவது நின்றது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எடுத்துக்கொண்டிருந்தபோதே ஆசை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தி ஓராண்டு தாண்டிவிட்டது, இன்னும் பழையபடி ஆகவில்லை.

விறைப்பு வருகிறது, ஆனால் நம்ப முடியாது. அதைவிட என்னை உறுத்துவது வேறு. தொட்டால் தொடுவது தெரிகிறது, இன்பம் தெரிவதில்லை. உச்சம் வருகிறது, வந்த சுவடே இல்லாமல் போகிறது. காலையில் கண் விழித்ததும் முதல் வேலை, இன்றைக்கு விறைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான். இல்லையென்றால் அன்றைக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடிவதில்லை.

தோல் மருத்துவரிடம் சொன்னேன். "மருந்து எப்போதோ உடம்பை விட்டுப் போய்விட்டது, இது உங்கள் கற்பனை" என்றார். இணையத்தில் தேடினால் "உன் கதை முடிந்தது" என்கிறார்கள். மனைவி கேட்டால் களைப்பு என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

காரணத்தை ஆராய்ச்சி செய்ய நான் வரவில்லை. இதோடு எப்படி நாளை ஓட்டுவது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் போதும்.

மொட்டைமன்னன்:

மொட்டை அடித்துவிடுங்கள். செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை.

மூன்றாம்சாமம்:

மன்னா, அவர் மாத்திரையை நிறுத்தியே ஓராண்டுக்கு மேல் ஆகிறது. தலைமுடி இப்போது பேச்சே இல்லை. முழுசாகப் படித்துவிட்டு எழுதலாமே.

உப்புக்கல்:

மருந்தகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வெண்மேகம், உங்கள் அவதி பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்.

இந்த மருந்து 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுவது அந்த நொதிதான், முடி வேரைச் சுருக்குவது அந்த டிஎச்டி. 1 மிகி எடுத்தால் ரத்தத்தில் டிஎச்டி சுமார் 70 விழுக்காடு குறையும். மாத்திரையின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், ஐந்தாறு மணி. நிறுத்தினால் இரண்டு வாரத்துக்குள் டிஎச்டி பழைய அளவுக்கு வந்துவிடும். அனுமதிக்கு முன் நடந்த ஓராண்டு ஆய்வுகளில் பாலியல் பக்கவிளைவு சொன்னவர்கள் 3.8 விழுக்காடு, வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 2.1 விழுக்காடு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இணையம் காட்டும் பூதம் அளவுக்கு இல்லை.

2007-இல் இத்தாலியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. புரோஸ்டேட் வீக்கத்துக்கு இதே மருந்தை 5 மிகி கொடுத்தார்கள். ஒரு பிரிவிடம் பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று சொன்னார்கள், இன்னொரு பிரிவிடம் சொல்லவில்லை. சொல்லப்பட்டவர்களில் 43.6 விழுக்காட்டினருக்குப் பிரச்சினை, சொல்லப்படாதவர்களில் 15.3 விழுக்காட்டினருக்கு. மருந்து ஒன்றே, பேச்சுதான் வேறு. கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதலைக் கொண்டுவரும் நோசிபோ என்பது இதுதான். தினமும் காலையில் சோதித்துப் பார்ப்பவருக்கு விறைப்பு வராமல் போக மாத்திரையே தேவையில்லை.

எரிமலை:

ஆரம்பித்துவிட்டார்கள். உப்புக்கல், அந்த இத்தாலி ஆய்வை நானும் வரி வரியாகப் படித்தவன். அதில் இருந்தவர்கள் புரோஸ்டேட் நோயாளிகள், மருந்தை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர்களைக் கேட்டார்கள். நிறுத்திய பிறகு என்ன ஆனது என்பதற்கு அந்த ஆய்வில் பதிலே கிடையாது. சொல்லப்படாதவர்களிலும் 15 விழுக்காட்டினருக்கு வந்ததே, அவர்கள் எந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்தார்கள்?

நீங்கள் சொல்லும் 3.8-ம் அப்படித்தான். முடி வளர்கிறதா என்று அளக்க வடிவமைத்த ஆய்வில், நிறுத்தியபின் நீடிப்பதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

1997-இல் முடிக்கு அனுமதி கிடைத்த மருந்து இது. நிறுத்திய பிறகும் விறைப்புக் கோளாறு நீடித்ததாக வந்த புகார்களை அமெரிக்க மருந்துக் குறிப்பில் சேர்த்தது 2011-இல். ஆசைக் குறைவு, விந்து வெளியேற்றக் கோளாறு, உச்சக் கோளாறு ஆகியவையும் நிறுத்தியபின் நீடிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சேர்க்க வைத்தது 2012-இல். தற்கொலை எண்ணம் பற்றிய வரி 2022-இல். ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் தற்கொலை எண்ணத்தைப் பக்கவிளைவு என்றே உறுதி செய்தது. வெண்மேகம் எழுதியதை ஒருமுறை அந்த 2012 பட்டியலோடு வைத்துப் பாருங்கள், வரிக்கு வரி பொருந்தும். கற்பனை என்ற அந்த மருத்துவர் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்துப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

உப்புக்கல்:

எச்சரிக்கை வாசகம் என்பது "புகார்கள் வந்துள்ளன" என்பதற்கான பதிவு. அதைக் காரணத்துக்கான நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீடிக்கும் பாதிப்பு பற்றி 2011-இல் வந்த பேட்டி ஆய்வில் 71 ஆண்கள். ஏற்கெனவே பாதிப்பு இருக்கிறது என்று சொன்னவர்களைத்தான் பேட்டி எடுத்தார்கள். அப்படிச் சேர்த்த கூட்டத்தை வைத்து விழுக்காடு சொல்ல முடியாது. 2016-இல் அமெரிக்காவில் ஒரு குழு பாதிக்கப்பட்டவர்களின் ஹார்மோன்களை அளந்து பார்த்தது. டெஸ்டோஸ்டிரோன் குறைவுக்கு அடையாளமே இல்லை.

எரிமலை:

அதே ஆய்வின் மீதியையும் சொல்லுங்களேன். அவர்களிடம் மனச்சோர்வு தெரிந்தது, மூளைப் படத்திலும் வித்தியாசம் தெரிந்தது. ரத்தத்தில் அளவு சரியாக இருக்கிறது என்பதால் திசுக்களுக்குள்ளும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இந்த நொதியின் வேலை டிஎச்டியோடு முடிவதில்லை. புரோஜெஸ்டிரோனிலிருந்து அல்லோபிரெக்னனோலோன் என்ற மூளை ஸ்டீராய்டு உருவாவதும் இதன் வழியாகத்தான். பதற்றத்தை அடக்கி மனதை நிதானத்தில் வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. மிலானில் ஒரு குழு பாதிக்கப்பட்டவர்களின் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்து, இந்த ஸ்டீராய்டுகளின் அளவு மாறியிருப்பதை எழுதியது.

எனக்கு இது வந்து பல வருடம் ஆகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறேன். இந்த மருந்தைத் தடை செய்ய வேண்டும், அவ்வளவுதான். சமாளிப்பது என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. சமாளித்துக்கொண்டு போனால் யாரும் ஆராய்ச்சி செய்ய மாட்டார்கள்.

மூன்றாம்சாமம்:

எரிமலை தம்பி, உன் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அந்த வழியாக வந்தவன்தான். 5 மிகி மாத்திரையை வாங்கிப் பிளேடால் நான்காக வெட்டித் தின்ற கூட்டத்தில் நானும் உண்டு. ஒரு துண்டு பெரிதாக விழும், ஒன்று பொடியாகும், பொடியையும் நக்கிவிடுவோம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அப்போது தெரியாது.

உப்புக்கல் சொல்வது சரியா, நீ சொல்வது சரியா என்று தெரிந்துகொள்ள எவ்வளவோ இரவுகளைச் செலவழித்தேன். அந்தத் தீர்ப்பு வரும்வரை வைத்தியத்தைத் தள்ளிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கால் முறிந்தவன் கட்டுப் போடுவதற்குத் தடுக்கியது கல்லா வேரா என்று தெரிய வேண்டியதில்லை.

வெண்மேகம், எனக்கு உதவியதைச் சொல்கிறேன்.

முதலில் தோல் மருத்துவரை விட்டுவிட்டுச் சிறுநீரியல் (யூராலஜி) அல்லது ஆண்மை மருத்துவரிடம் போங்கள். மாத்திரைக் கதையைச் சொல்லுங்கள், ஆனால் அதைச் சொன்னதோடு மற்ற சோதனைகளை விட்டுவிடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் என்ற ஹார்மோன், தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். விறைப்புக் குறைவு சில பேருக்கு இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர் எல்லாவற்றுக்கும் ஃபினாஸ்டரைடைத் திட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பார்த்தால் புரோலாக்டின் எகிறிப் போயிருந்தது. அதற்கு வைத்தியம் தனி.

அடுத்தது விறைப்புக்குக் கொடுக்கும் டடலாஃபில், சில்டெனாஃபில் வகை மாத்திரைகள். அவை ரத்த ஓட்டத்துக்குத்தான் உதவும். ஆசையைக் கொண்டுவராது, மரத்துப்போன உணர்ச்சியையும் கொண்டுவராது. இது தெரியாமல் எடுத்தால், விறைப்பு வந்தும் இன்பம் இல்லையே என்று இன்னும் உடைந்து போவோம். தெரிந்து எடுத்தால், "நடுவில் போய்விடுமோ" என்ற பயம் ஒன்றாவது குறையும். எனக்குக் குறைந்தது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் காலைச் சோதனை. அதை நிறுத்துங்கள். கட்டிலில் இருக்கும்போதும் நாம் பாதி ஆள் அங்கே இருப்போம், மீதி ஆள் கூரையிலிருந்து நம்மை வேவு பார்த்துக்கொண்டிருப்பான். பாலியல் சிகிச்சையில் இதற்கென்றே பயிற்சி இருக்கிறது: சில வாரங்களுக்கு உடலுறவே கூடாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு, முதுகு, கை, தோள் என்று தொடுவது மட்டும். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் பல பத்தாண்டுகளுக்கு முன் கொண்டுவந்த முறை. சிரிப்பாக இருக்கும், செய்து பாருங்கள்.

எரிமலை:

அதாவது மனோதத்துவ வைத்தியம். உப்புக்கல் சொன்னதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள் அண்ணா?

மூன்றாம்சாமம்:

இல்லை. புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களுக்கும், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் இதே பயிற்சியைக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு உடம்பில் கோளாறு இல்லை என்று யாராவது சொல்கிறார்களா?

உப்புக்கல்:

எரிமலை, நீங்கள் என்னை எதிரியாகவே பார்க்கிறீர்கள். நோசிபோ என்றால் நடிப்பு என்று அர்த்தமில்லை. பயத்தில் அட்ரினலின் ஏறினால் விறைப்பு இறங்குவது முழுக்க உடம்பின் வேலைதான். நீடிக்கும் பாதிப்பு யாருக்குமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் "இது நிரந்தரம், மருந்தே கிடையாது" என்று புதிதாக வருகிறவரிடம் நீங்கள் சொல்லும்போது, இத்தாலி ஆய்வில் அந்த மருத்துவர்கள் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

எரிமலை:

அப்படியானால் யாருக்கும் எதையும் சொல்லாமல் மாத்திரையைக் கொடுக்கலாமா? எனக்குச் சொல்லியிருந்தால் நான் எடுத்திருக்கவே மாட்டேன். முடிதானே போகும், உயிரா போகும்? 43 விழுக்காட்டினர் பயந்தாலும் பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும்.

உப்புக்கல்:

சொல்ல வேண்டும், அதில் கருத்து வேறுபாடே இல்லை. எப்படிச் சொல்வது என்பதில்தான் சண்டை. "நூற்றில் சில பேருக்கு வரலாம், வந்தால் உடனே நிறுத்திவிட்டு வாருங்கள், பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடும், சிலருக்கு நீடித்ததாகவும் புகார் உண்டு" என்று நான் கவுன்டரில் சொல்கிறேன். வாங்காமல் திரும்பிப் போனவர்களும் உண்டு.

நீலாம்பரி:

இங்கே ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன்.

என் கணவருக்கும் இதே கதை. வெண்மேகம் எழுதியதில் என் கண் நின்ற இடம், "களைப்பு என்று சொல்லிச் சமாளிக்கிறேன்" என்ற வரி. இவரும் அப்படித்தான். நான் அறைக்குள் வருவதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். போர்வைக்குள் கைபேசி வெளிச்சம் மட்டும் தெரியும். தோளில் கை வைத்தால் உடம்பு கட்டை போல ஆகிவிடும். வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். கண்ணாடி முன் நின்று என்னிடம் என்ன குறை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சண்டையில் எல்லாம் வெளியே வந்தது. மாத்திரை என்று கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதிதான், அப்புறம் ஒரே கோபம். மாத்திரை மேல் இல்லை, இவ்வளவு நாள் என்னைச் சந்தேகத்தில் தவிக்க விட்டதற்கு.

அண்ணா, இன்றைக்கே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். படுக்கையறையில் வேண்டாம். காய் நறுக்கும்போதோ, வெளியே நடந்து போகும்போதோ சொல்லுங்கள், முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல் பேசுவது சுலபம். "உன்னால் இல்லை" என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். மருந்தின் அறிவியலெல்லாம் பிறகு.

எங்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. பாதி திரும்பியிருக்கிறது. ஆனால் இப்போது அவர் சுவரைப் பார்த்துப் படுப்பதில்லை.

எரிமலை:

உங்கள் கணவருக்கு நீங்கள் இருக்கிறீர்கள். எனக்கு யாரிடம் சொல்வது? இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வது மோசடி.

நீலாம்பரி:

மறைத்துக் கட்டிக்கொண்டால்தான் மோசடி. சொல்லிவிட்டுக் கேட்டால் முடிவு அவளுடையது. அவளுக்காக நீங்களே "வேண்டாம்" சொல்லிவிட்டு வெளியே போய்விடுவது என்ன நியாயம்?

மூன்றாம்சாமம்:

எரிமலை, கல்யாணம் இருக்கட்டும். 2022 எச்சரிக்கையை நீயே எழுதினாய். அந்த மாதிரி எண்ணம் உனக்கு வருகிறதா? நேரடியாகவே கேட்கிறேன். வந்தால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும், தனியாக உட்கார்ந்து இணையத்தில் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. தனிச்செய்தியில் என் எண்ணை அனுப்பியிருக்கிறேன். எந்த நேரமானாலும் சரி.

எரிமலை:

முன்பு வந்ததுண்டு. இப்போது இல்லை. மனநல மருத்துவரிடம் போனேன், மனச்சோர்வு மாத்திரை எழுதினார். அதன் பக்கவிளைவுப் பட்டியலில் முதலில் இருந்ததே ஆசைக் குறைவு. அன்றோடு போகவில்லை.

உப்புக்கல்:

இந்த விஷயத்தில் உங்கள் எச்சரிக்கை நியாயமானது. மனச்சோர்வுக்குப் பரவலாக எழுதும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளால் வரும் பாலியல் கோளாறு நிறுத்தியபின்னும் சிலருக்கு நீடிக்கலாம் என்று ஐரோப்பிய முகமை 2019-இல் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. ஆனால் மனச்சோர்வுக்கு அது ஒன்றுதான் மருந்து என்றில்லை. புப்ரோபியான் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. மாத்திரை இல்லாமல் பேச்சு சிகிச்சை மட்டும்கூட உண்டு. "எனக்கு ஏற்கெனவே இந்தப் பிரச்சினை இருக்கிறது, அதைக் கூட்டாத மருந்து வேண்டும்" என்று உட்கார்ந்ததும் சொல்லுங்கள். திரும்பப் போங்கள்.

இன்னொன்று, இங்கே படிப்பவர்கள் எல்லாருக்கும். இணையத்தில் "ரீசெட்" என்று விற்கும் ஹார்மோன் கூட்டணிகளை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசியை வெளியிலிருந்து போட்டால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விந்தணுவும் குறைந்துவிடும். குழந்தை வேண்டும் என்பவருக்கு அது இரட்டை அடி.

மொட்டைமன்னன்:

முதலில் விளையாட்டாக எழுதிவிட்டேன், நண்பர்கள் பொறுக்கவும். ஒரு சந்தேகம். நான் தலையில் தடவும் ஃபினாஸ்டரைடு திரவம் வைத்திருக்கிறேன். அது உள்ளே போகாது, பாதுகாப்பானது என்றார்கள். சரிதானா?

உப்புக்கல்:

தோல் வழியாகவும் ரத்தத்துக்குப் போகும், அளவு மாறும். கடைகளில் கலந்து விற்கும் அப்படிப்பட்ட திரவங்கள் பற்றி எஃப்டிஏ 2025-இல் எச்சரித்திருக்கிறது. டிஎச்டி பக்கமே போகாமல் இருக்க வேண்டுமென்றால், முடி உதிர்வுக்கான இன்னொரு மருந்தான மினாக்சிடில் வேறு வழியில் வேலை செய்கிறது. இதே நொதியைத் தடுக்கும் டியூட்டாஸ்டரைடு என்ற மருந்துக்கு மட்டும் யார் பேச்சையும் கேட்டு அவசரப்பட்டுப் போகாதீர்கள். அது டிஎச்டியை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கும், அரை ஆயுளே சுமார் ஐந்து வாரம். நிறுத்தினாலும் சட்டென்று வெளியேறாது.

வெண்மேகம்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

நீலாம்பரி, நேற்று மாலை நடக்கப் போனபோது சொல்லிவிட்டேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மாத்திரை அட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறதே, அதை ஏன் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அவளே எடுத்துப் போட்டுவிட்டாள்.

எரிமலை, நீங்கள் தேதியோடு எழுதியதால்தான் நான் பைத்தியமில்லை என்று எனக்கே தைரியம் வந்தது. ஆனால் நிரந்தரம் என்பதை மட்டும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போவதில்லை, தப்பாக நினைக்க வேண்டாம்.

ஆண்மை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். முன்னதாகவே ரத்தப் பரிசோதனை எடுத்து வரச் சொன்னார்கள். எந்த நேரத்தில் கொடுப்பது? சாப்பிடலாமா?

மூன்றாம்சாமம்:

காலையிலேயே கொடுத்துவிடுங்கள், எட்டிலிருந்து பத்துக்குள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், மாலையில் கொடுத்தால் குறைவாகக் காட்டிக் கலவரப்படுத்தும். வெறும் வயிற்றில் போங்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் போவது நல்லது. குறைவாக வந்தால் இன்னொரு நாள் திரும்ப எடுக்காமல் எந்த முடிவும் வேண்டாம்.

எரிமலை:

முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதைச் சில நாள் முன்பே நிறுத்துங்கள். பல ஆய்வகங்களின் ஹார்மோன் சோதனையை அது குழப்பிவிடும், தைராய்டு அளவைக்கூடத் தப்பாகக் காட்டும். எனக்கு முதல் அறிக்கை அப்படித்தான் வந்தது, டெஸ்டோஸ்டிரோன் அமோகம் என்று மருத்துவர் கை குலுக்கினார்.

உப்புக்கல்:

இதை நான் சொல்லியிருக்க வேண்டும். எரிமலை சொல்வது சரி. ரத்தம் கொடுக்கப் போகும் முன்பே ஆய்வகத்தில் பயோட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள், எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். மாத்திரை அதிக அளவு என்றால் கூடுதல் நாள் கேட்பார்கள்.

வெண்மேகம்:

எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், 10 மிகி. பரிசோதனையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.